முறிந்த பாகத்துக்குப் பொறுப்பாளி யார்?

மைசூரில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையை நேயர்களில் பலர் அறிவர். அங்கே உருவான மோட்டார் சைக்கிள்கள், சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுதளப் பந்தயங்களிலும் ஓடின. இந்நகரில் குடியேறிய தமிழராகிய நமக்கு அதில் இரட்டைப் பெருமை. எனினும், பந்தயத்தின் நடுவே ஒரு பாகம் முறிந்து உயிர்ச்சேதம் நேருமாயின், பொறுப்பு யாரைச் சாரும்?

மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றிய அதே 1916-ஆம் ஆண்டில், நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழிகாட்டியது. பியூக் கம்பெனியின் காரில் சென்ற மாக்பெர்சன் என்பவர், மரச்சக்கரத்தின் ஆரக்கால்கள் நொறுங்கியதால் தூக்கியெறியப்பட்டார். காரை அவர் வாங்கியதோ ஒரு வியாபாரியிடம். சக்கரத்தைச் செய்ததோ வேறொரு கம்பெனி. ஆகவே அவருக்கும் தமக்கும் ஒப்பந்தமே இல்லை என்றது பியூக். நீதிபதி கார்டோசோ இதை ஏற்கவில்லை. சோதித்திருந்தால் குறை புலப்பட்டிருக்கும். சோதியாது விற்ற தயாரிப்பாளர் பொறுப்பினின்று நழுவ இயலாது என்பது தீர்ப்பு.

பந்தயக்களத்தின் நியாயமோ வேறாக இருந்தது. 1930-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் களத்தில் இரு கார்கள் மோதி, ஒன்று தடுப்பைத் தாண்டிக் கூட்டத்தில் பாய்ந்தது, இருவர் மாண்டனர். விளையாட்டுக்கு இயல்பான ஆபத்தைப் பார்வையாளர் அறிந்தே வருகிறார் என்று கூறி, 1932-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் களத்தை நடத்திய கழகத்தை விடுவித்தது. வண்டிகள் மோதுவது இயல்பென்றே கொள்வோம். பேணாத அச்சு முறிவதும் இயல்புதானா? அவ்வாறு கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

நம் உச்ச நீதிமன்றமும், சாலை விபத்து வழக்கொன்றில், இயந்திரக் கோளாறு என்று சொன்னால் மட்டும் போதாது, தக்க கவனம் எடுத்ததை வண்டியின் சொந்தக்காரரே மெய்ப்பிக்க வேண்டும் என்று 1977-இல் கூறியது. 2001-இல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. டயர் வெடித்துக் கவிழ்ந்த ஜீப்பால் வழிநடந்தவர் ஒருவர் இறந்த வழக்கில், கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடினும் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்றது.

பந்தயக்களத்தில் இக்கேள்வி முழு உருவில் எழுந்தது இத்தாலியின் இமோலாவில். 1994 மே 1 அன்று பிரேசில் வீரர் அயர்டன் சென்னா அங்கே மாண்டார். இருக்கை நெருக்கமாயிருக்கிறது என்று அவர் கேட்டதன்பேரில், ஸ்டியரிங் தண்டை வெட்டி மெல்லிய குழாயை இடையே பற்றவைத்திருந்தனர். அத்தண்டு முறிந்ததே காரணம், அம்மாற்றத்துக்கு அணியின் தொழில்நுட்பத் தலைவரே பொறுப்பு என்று இத்தாலிய உச்ச நீதிமன்றம் 2007-இல் முடிவுகட்டியது. ஆனால் வழக்கின் காலவரம்பு அதற்குள் கடந்துவிட்டது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.