தலையில் ஏறிய விசிறி

1989இல் இன்டெல்லின் 486 கணினிச் சில்லு வந்த புதிதில் அதன் தலையில் விசிறி கிடையாது. பெட்டிக்குள் சுற்றிய காற்றே போதுமாக இருந்தது. 1993இன் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடித் தகித்தது. அலுமினியத் தகடுகளும் குட்டி விசிறியும் மேலே குடியேறின.

சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே பயறளவு பசை. கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் காற்று தங்கினால் சூடு இறங்காது. அந்தக் காற்றை விரட்டத்தான் இந்தப் பசை. அள்ளி அப்பினால் அதுவே போர்வையாகிவிடும்!

வேகப் போட்டி 2004இல் முட்டுச்சந்தில் நின்றது. 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளியிட்ட வெப்பம் 115 வாட். 100 வாட் குண்டு பல்பே தோற்றது. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அதே ஆண்டு ஆப்பிள், பவர் மேக் ஜி5 கணினிக்குள் சூட்டைத் தணிக்கத் திரவத்தையே ஓடவிட்டது.

2005இல் இரட்டை மூளையோடு பென்டியம் டி வந்தது. அதுவும் சூட்டுக்குப் பேர்போனதுதான்.