வீட்டில் தீ அலாரம் அடித்தால் தீயணைப்பு வண்டி தானாக வருமா?

நீங்கள் சென்னையில் வேலை பார்க்கிறீர்கள். அப்பா, அம்மா ஆந்திராவில், திருப்பதி மாவட்டம் நாராயணவனத்தில் இருக்கிறார்கள். போன முறை ஊருக்குப் போனபோது வீட்டில் ஒரு புகை அலாரத்தை மாட்டிவிட்டு வந்தீர்கள். நள்ளிரவில் அது அடித்தால் யாருக்குத் தகவல் போகும்?

"ஃபயர் ஸ்டேஷனுக்கே போயிடும்ல?" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான வீட்டு அலாரங்களில் அப்படி எதுவும் நடப்பதில்லை.

அலாரம் என்ன செய்கிறது?

கடையில் கிடைக்கும் பேட்டரி அலாரத்துக்குள் ஒரு சிறிய ஒளிக்கதிர் இருக்கும். புகை நுழைந்ததும் அந்த ஒளி சிதறி உணரியில் விழும், உடனே அலாரம் அலறும். அதன் வேலை அவ்வளவுதான். தூங்குபவரை எழுப்பும், யாருக்கும் போன் செய்யாது.

அப்படியானால் செல்போனுக்குத் தகவல் வருவது எப்படி?

வைஃபை அலாரம் உங்கள் செல்போன் செயலிக்குத் தகவல் அனுப்பும். ஆனால் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்துவிட்டால் தகவல் வராது. சிம் கார்டு போட்ட கருவிகள், நீங்கள் பதிந்து வைத்த எண்களை ஒவ்வொன்றாக அழைக்கும். அதில் 112-ஐப் பதிய வேண்டாம். "எங்கே தீ, உள்ளே யாராவது இருக்காங்களா?" என்று எதிர்முனையில் கேட்டால் கருவியால் பதில் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர், உறவினர் எண்களைப் பதியுங்கள்.

வெளிநாடுகளில் என்ன நடைமுறை?

அமெரிக்கா போன்ற நாடுகளில் மாதக் கட்டணம் வாங்கும் கண்காணிப்பு நிறுவனங்கள் உள்ளன. அலாரத்தின் சிக்னல் முதலில் அங்கே போகும். அங்கிருக்கும் ஊழியர்தான் தீயணைப்புத் துறையை அழைப்பார். சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளுக்குப் புகை அலாரம் கட்டாயம். அங்கும் வீட்டு அலாரம் தனியாக ஒலிக்கும் கருவிதான். 995-ஐ அழைப்பது வீட்டில் இருப்பவர் பொறுப்பு.

சென்னையிலிருந்தே 101 அல்லது 112-ஐ அழைக்கலாமா?

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். இந்த எண்கள் நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தே இணைக்கப்படுகின்றன. சென்னையிலிருந்து அழைத்தால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். வண்டி புறப்பட வேண்டியதோ ஆந்திராவில். அதனால் மூன்று எண்களை இன்றே சேமித்து வையுங்கள்: ஊருக்கு அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தின் நேரடித் தொலைபேசி எண், அதே தெருவில் இருப்பவர் எண், அப்பா அம்மாவின் எண். முதலில் பெற்றோரை அழைத்து எழுப்புங்கள். அவர்கள் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து, அவரை அங்கிருந்து 101 அல்லது 112-க்குப் பேசச் சொல்லுங்கள்.

அழைப்பவர் என்ன சொல்ல வேண்டும்?

மாவட்டம், மண்டலம், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி, எரிவது என்ன, உள்ளே யார் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் எதிர்முனையில் தெலுங்கில் கேட்பார்கள். முகவரியைத் தெலுங்கில் சொல்ல அம்மாவுக்கு ஒருமுறை பழக்கிவிடுங்கள். எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் போன். சமையல் கேஸ் கசிந்தால் உள்ளே சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும்.

எங்கே பொருத்துவது, எப்படிப் பராமரிப்பது?

புகை மேலே போகும் என்பதால் அலாரம் கூரையில், படுக்கையறைக்கு அருகில் இருக்க வேண்டும். தாளிக்கும் புகைக்கே அலறும் என்பதால் சமையலறைக்கு வெப்ப உணரிதான் சரி. நாராயணவனம் நெசவாளர் ஊர். தறி ஓடும் வீட்டில் நூல் தூசி உள்ளே போய் அலாரம் வீணாக அடிக்கலாம், எனவே அடிக்கடி துடைக்க வேண்டும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். விட்டுவிட்டு 'கீச்' என்று ஒலித்தால் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். "தொல்லையா இருக்கு"ன்னு பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டாம், மாற்றுங்கள். பத்து ஆண்டுகள் ஆனால் கருவியையே மாற்ற வேண்டும்.

தனி வீடுகளுக்கு அலாரம் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கட்டாயப்படுத்தவில்லை. வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். வைத்தால், அது அடித்ததும் யார் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.