கரியில் ஒட்டிய காற்று

இன்ஜினியரிங் முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரி லேப்பில் ஒரு பரிசோதனை உண்டு. மூடிபோட்ட ஐந்தாறு பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு செறிவில் அசிட்டிக் அமிலம். எல்லாவற்றிலும் ஒரே எடை கரித்தூள். குலுக்கி, கொஞ்ச நேரம் வைத்து, வடிகட்டி, டைட்ரேட் செய்தால் கரி எவ்வளவு அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது என்று தெரியும். லாக் கிராஃபில் போட்டால் நேர்க்கோடு வரவேண்டும். ஃப்ராயின்ட்லிக் சமவெப்பக்கோடு என்று பெயர்.

எங்கள் பேட்ச்சுக்கு நேர்க்கோடு வரவில்லை. வந்தது என்னவோ மேட்டூர் மலைப்பாதை மாதிரி இருந்தது. என்ன பண்றது? கோட்டை முதலில் ஸ்கேலால் வரைந்தோம். அதன்மேல் ஆறு புள்ளிகளை, சந்தேகம் வராதபடி லேசாக விலக்கி வைத்தோம். பிறகு பின்னாலிருந்து கணக்குப் போட்டு பியூரெட் அளவுகளை எழுதினோம். பத்துக்கு ஒன்பது மார்க்.

தியரி பேப்பரிலும் இதே பாடம் வந்தது. உறிஞ்சுதலுக்கும் பரப்புக் கவர்தலுக்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு மார்க் கேள்வி. பஞ்சு தண்ணீரைத் தன் உள்ளுக்குள் எடுத்துக்கொள்வது உறிஞ்சுதல். ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் மட்டும் வாயு மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்தல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பதால் பாதிப்பேர் ஸ்பெல்லிங்கிலேயே மார்க்கை விட்டார்கள். இலங்கைப் பாடநூல்களில் அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் என்று இருக்கிறது. அதைப் படித்திருந்தால் கேள்வியிலேயே பதில் கிடைத்திருக்கும். அடுத்தது, லாங்மியூரின் எடுகோள்களை எழுதுக என்று பெரிய கேள்வி. மனப்பாடம் செய்து எழுதினேன். மைக்கேல் பொலானி என்ற பெயரை அந்தப் புத்தகத்தில் பார்த்ததாக நினைவில்லை.

பொலானியை நான் சந்தித்தது பல வருடம் கழித்து, வேறு ஒரு வாசல் வழியாக. சாஃப்ட்வேர் துறையில் டாக்குமென்டேஷன் பற்றிப் பேசும்போது யாராவது ஒருவர், எழுதிவைக்க முடியாத, கைப்பழக்கத்தில் மட்டுமே இருக்கும் அறிவைப் பற்றிச் சொல்வார். அந்தக் கருத்து பொலானி என்ற தத்துவவாதியுடையது. அவரைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, மனிதர் தன் பாதி வாழ்நாளை வேதியியலாளராகக் கழித்தவர். அதிலும் அவருடைய முதல் பெரிய வேலையே கரியும் அதில் ஒட்டும் வாயுவும்தான். அன்று இரவு தூங்கப்போக ரெண்டு மணி ஆகிவிட்டது.

கதை அவருக்கு முன்பே தொடங்குகிறது. 1777ல் இத்தாலியரான ஃபெலிச்சே ஃபோன்டானா, பழுக்கக் காய்ச்சிய கரியைப் பாதரசத்துக்குள் அமிழ்த்தி ஆறவைத்து, அப்படியே வாயு நிரம்பிய குழாய்க்குள் ஏற்றினார். வாயு மறைந்தது, அந்த இடத்துக்குப் பாதரசம் ஏறியது. கரித்துண்டு தன் பருமனைவிடப் பல மடங்கு வாயுவை எங்கேயோ வைத்துக்கொண்டிருந்தது. 1881ல் ஹைன்ரிக் கைசர் இதற்குத் தனிப்பெயர் வைத்தார். பெயர் வைத்ததைத் தவிர அந்த நூறு வருடங்களில் அடிப்படைப் புரிதல் பெரிதாக நகரவில்லை. ஜேம்ஸ் டீவார் தேங்காய்ச் சிரட்டைக் கரியைத் திரவக் காற்றில் குளிர்வித்தால் அது மிச்சமிருக்கும் வாயுவையெல்லாம் இழுத்து நல்ல வெற்றிடம் தரும் என்று காட்டினார். அதே சிரட்டைக் கரிதான் இன்று காங்கேயத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் போகிறது, நம் வீட்டு வாட்டர் ஃபில்டருக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவு வாயு எங்கே போய் உட்காருகிறது? நன்றாகக் கிளர்வூட்டிய கரியில் ஒரு கிராமுக்குள் இருக்கும் உள்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய நாலரை கிரவுண்டு. ஒரு கிராமில்!

1909ல் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார் அர்விங் லாங்மியூர். அவர்கள் கவலை பல்பு. டங்ஸ்டன் இழை போட்ட பல்புகளின் கண்ணாடி உள்பக்கம் கருத்துப்போய்க்கொண்டிருந்தது. உள்ளே மிச்சமிருக்கும் வாயுதான் காரணம் என்று சொல்லி எல்லோரும் வெற்றிடத்தை இன்னும் கூட்டப் பார்த்தார்கள். லாங்மியூர் எதிர்த்திசையில் போனார். விதவிதமான வாயுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு என்ன ஆகிறது என்று பார்த்தார். கருப்பு என்பது இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன் என்று தெளிவானது. மந்தமான வாயுவை நிரப்பினால் ஆவியாவது குறையும். வாயு நிரப்பிய பல்பு அப்படித்தான் பிறந்தது. ஆனால் போகிற போக்கில் அவர் கவனித்த விஷயங்கள் பல்பைவிடப் பெரியவை. சூடான இழையருகே ஹைட்ரஜன் அணுக்களாக உடைந்து, குளிர்ந்த கண்ணாடிச் சுவரில் போய் ஒட்டியது. ஆக்சிஜன் டங்ஸ்டன் மேல் ஒரே ஓர் அணு கனத்துக்குப் படர்ந்து, லேசில் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது.

இதிலிருந்து அவர் வந்தடைந்த மாதிரி அழகானது. மேற்பரப்பு ஒரு டவுன்பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணி வைத்த சீட்டுகள். ஒரு சீட்டுக்கு ஒரு மூலக்கூறு, மடியில் உட்காரக் கூடாது, ஸ்டாண்டிங் கிடையாது. ஏறுகிறவர்களின் வேகம் வெளியே இருக்கும் கூட்டத்தையும் (அதாவது வாயு அழுத்தத்தையும்) காலி சீட்டுகளையும் பொறுத்தது. இறங்குகிறவர்களின் வேகம் நிரம்பிய சீட்டுகளைப் பொறுத்தது. இரண்டும் சமமாகும் இடத்தில் கணக்கைப் போட்டால் ஒரே வரியில் சமன்பாடு வந்துவிடும். அழுத்தம் குறைவாக இருக்கும்போது அதை இரட்டித்தால் ஒட்டுவதும் இரட்டிக்கும். அழுத்தம் ஏற ஏற வளைவு படுத்துவிடும். சீட் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 1918ல் கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் ஆகியவற்றின் தட்டையான பரப்புகளில் அளந்து கட்டுரையாக வெளியிட்டார். தட்டையான பரப்பு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கரி தட்டையானது இல்லை.

இதே சமயம், போரின் எதிர்ப்பக்கத்தில், புடாபெஸ்டில் பிறந்து மருத்துவம் படித்த ஓர் இளைஞர் ஆஸ்திரிய-ஹங்கேரிய ராணுவ மருத்துவராக இருந்தபடியே இதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பொலானி 1914ல் முதல் கட்டுரையை எழுதியபோது அவருக்கு வயது 23. அவர் மாதிரியில் சீட்டே கிடையாது. பூமியைச் சுற்றிக் காற்று மண்டலம் இருப்பதுபோல, திடப்பொருளைச் சுற்றி ஓர் ஈர்ப்பு வெளி இருக்கிறது. பரப்பை நெருங்க நெருங்க ஈர்ப்பு கூடும், வாயு அமுங்கும், ஒரு கட்டத்தில் திரவமாகவே ஆகிவிடும். ஒற்றை அடுக்கு இல்லை, குட்டை மாதிரித் தேங்கி நிற்கும். இந்த ஈர்ப்பு வெப்பநிலையைப் பொறுத்து மாறாது என்று அவர் எடுத்துக்கொண்டதால் ஒரு வசதி கிடைத்தது. ஒரு வெப்பநிலையில் அளந்தால் போதும், மற்ற வெப்பநிலைகளில் எவ்வளவு ஒட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கரியில் சோதித்தபோது அது பொருந்தவும் செய்தது.

1917ல் இதையே முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். அதைத் திருத்திய பேராசிரியர், முடிவு சரியாகத் தெரிகிறது, ஆனால் அதற்கு வந்து சேர்ந்த வழி தப்பாக இருக்கிறதே என்று கேட்டாராம். முதலில் முடிவுக்கு வந்துவிட்டுப் பிறகுதானே வழியைச் சரிசெய்வது என்று பதில் சொன்னதாகவும், பேராசிரியர் வெறித்துப் பார்த்ததாகவும் பொலானியே பின்னாளில் எழுதியிருக்கிறார். இதைப் படித்ததும் எனக்கு எங்கள் லேப் ரெக்கார்டு ஞாபகம் வந்தது. ஒரே வித்தியாசம், அவர் மறைக்கவில்லை.

1921. பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் இயல் வேதியியல் நிறுவனம். அதன் தலைவர் ஃப்ரிட்ஸ் ஹாபர், பொலானியை அழைத்து அவருடைய கோட்பாட்டை முழுதாக விளக்கச் சொன்னார். ஹாபர் காற்றிலிருந்து அமோனியா செய்தவர். 1915ல் ஈப்ரில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட திட்டத்தை நடத்தியவரும் அவரே. அந்த வாயுவுக்கெதிராக முகமூடிகளில் அடைக்கப்பட்டது கரி. கரி வாயுவை எப்படிப் பிடிக்கிறது என்ற கேள்வி அந்த அறையில் வெறும் புத்தகக் கேள்வியாக இருந்திருக்காது. கூட்டத்துக்குத் தனியாக அழைக்கப்பட்டு வந்திருந்த இன்னொருவர் ஐன்ஸ்டைன்.

பேச்சு முடிந்தது. ஐன்ஸ்டைனும் ஹாபரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். பருப்பொருளின் அமைப்பைப் பற்றி நிறுவப்பட்ட அறிவியலை இந்தப் பையன் கண்டுகொள்ளவே இல்லை.

இங்கே அவர்களை முட்டாள்கள் ஆக்கிவிட்டு நகர்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. அன்றைக்குத் தெரிந்த விசைகள் எல்லாம் மின் விசைகள். அணுவுக்கும் அணுவுக்கும் இடையே மின் ஈர்ப்பு இருந்தால், பரப்பில் ஒட்டும் முதல் அடுக்கே அதைத் திரைபோட்டு மறைத்துவிடும். இரண்டாம், மூன்றாம் அடுக்குக்கு ஒன்றும் எட்டாது. லாங்மியூரின் ஒற்றை அடுக்கு அதோடு கச்சிதமாகப் பொருந்தியது. பொலானியின் வெளி பொருந்தவில்லை. அவரிடம் இருந்தது பொருந்துகிற அளவீடுகள் மட்டும். காரணம் இல்லை. நானாக இருந்தாலும் ஐன்ஸ்டைன் பக்கம்தான் உட்கார்ந்திருப்பேன்.

காரணம் 1930ல் வந்தது. குவான்டம் இயக்கவியலை வைத்து ஃப்ரிட்ஸ் லண்டன் புதுவகை விசை ஒன்றைக் கணக்கிட்டார். எந்த அணுவிலும் எலக்ட்ரான் மேகம் சும்மா இருப்பதில்லை, அலைபாய்கிறது. ஒன்றின் அலைவு பக்கத்தில் இருப்பதைத் தூண்ட, இரண்டும் ஈர்த்துக்கொள்கின்றன. இந்த விசைக்கு நடுவில் இன்னொரு அணு நின்றாலும் திரை விழாது. சுவரின் ஒவ்வோர் அணுவின் இழுப்பும் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும். பொலானி கேட்டது இதைத்தான். அதே வருடம் லண்டனும் அவரும் சேர்ந்து ஒரு குறிப்பை வெளியிட்டார்கள். வழக்கு முடிந்தது என்று பொலானி நினைத்தார்.

முடியவில்லை. யாரும் மறுக்கவில்லை, கேட்கவும் இல்லை. 1932ல் பரப்பு வேதியியலுக்காக லாங்மியூருக்கு நோபல் பரிசு. மறுவருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வர, யூதரான பொலானி பதவியை உதறிவிட்டு மான்செஸ்டர் போனார். அங்கே அவர் இயல் வேதியியல் பேராசிரியர். பரப்புக் கவர்தல் பாடமும் உண்டு. அதில் தன் கோட்பாட்டை அவர் நடத்தவில்லை. பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு முற்றிலும் எதிரான ஒன்றை மாணவர்கள் மேல் திணித்தால், வெளியிலிருந்து வரும் தேர்வாளரிடம் அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று யோசித்தார். இந்த இடத்தில் நான் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டேன். தான் சரி என்று உறுதியாகத் தெரிந்த ஒருவர், கரும்பலகையில் அடுத்தவருடைய மாதிரியை எழுதிக்கொண்டிருக்கிறார்.

1938ல் பல அடுக்குகள் திரும்பி வந்தன, ஆனால் வேறு பெயரில். புருனாவர், எம்மெட், டெல்லர் மூவரும் லாங்மியூரின் பஸ்ஸை டபுள் டெக்கராக, பிறகு முடிவில்லாத டெக்கராக ஆக்கினார்கள். மூவரில் புருனாவரும் டெல்லரும் பொலானியைப் போலவே புடாபெஸ்டில் பிறந்தவர்கள். அமோனியா தயாரிக்கும் இரும்பு வினையூக்கியின் உண்மையான பரப்பளவு எவ்வளவு என்பதுதான் தேவையாக இருந்தது. நைட்ரஜனை அதன் கொதிநிலையான மைனஸ் 196 டிகிரியில் ஒட்டவைத்து, முதல் அடுக்குக்கு எத்தனை மூலக்கூறு போனது என்று கணக்கிட்டு, ஒன்றுக்கு 0.162 சதுர நானோமீட்டர் என்று பெருக்கினால் பரப்பளவு. மேலே சொன்ன நாலரை கிரவுண்டும் இந்த வழியில் வந்த கணக்குதான். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது, பரப்பு எங்கும் ஒரே மாதிரி என்றெல்லாம் இந்த மாதிரி எடுத்துக்கொள்வது உண்மையில்லை என்று இதைப் பயன்படுத்துகிற எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இன்றுவரை எல்லா லேப்பிலும் இதுதான் ஓடுகிறது. எங்கள் துறையிலும் இப்படி லெகஸி கோட் உண்டு.

பொலானியைக் கைவிடாதவர்கள் மாஸ்கோவில் இருந்தார்கள். முகமூடிக் கரியோடு வாழ்ந்த மிகயில் டுபினின், 1947ல் ரதுஷ்கேவிச்சோடு சேர்ந்து பொலானியின் ஈர்ப்பு வெளியிலிருந்தே ஒரு சமன்பாட்டை எடுத்தார். மூலக்கூறு அளவே இருக்கும் நுண்துளைகளில் முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று எண்ணுவதற்கே இடமில்லை. எதிர்ச்சுவர்களின் ஈர்ப்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன, துளை மொத்தமாக நிரம்புகிறது. கரிக்கு அது நன்றாகப் பொருந்தியது. வினையூக்கிப் பரப்பில் வேதிப்பிணைப்போடு ஒட்டும் வாயுவுக்கு லாங்மியூர் பொருந்துகிறார். இரண்டு பேரும் வேறுவேறு பொருளை அளந்துவிட்டு ஒரே பெயரில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றும் சொல்லலாம்.

1963ல் சயன்ஸ் இதழில் பொலானி இந்தக் கதையைத் தானே எழுதினார். என்னைத் தூங்கவிடாதது அந்தக் கட்டுரைதான். அவர் புகார் சொல்லவில்லை. தன்னை நிராகரித்தவர்களுக்காக வாதாடுகிறார். அறிவியலுக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும், ஏற்கப்பட்ட படத்தோடு முரண்படுகிற எல்லாவற்றுக்கும் இடம்கொடுத்தால் இதழ்கள் குப்பையால் நிரம்பும், சிலசமயம் சரியானதும் அதில் அடிபடும், அந்த ஆபத்தைத் தவிர்க்க வழியில்லை என்கிறார். நான்கு முறை படித்தேன். வாதத்தில் ஓட்டை தெரியவில்லை, ஆனால் முழுசாக ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. அவருக்கு நார்களின் எக்ஸ்-ரே ஆய்வு இருந்தது, வேதிவினை வேகங்கள் இருந்தன, படிகக் குறைகள் இருந்தன. ஒன்று போனாலும் மூன்று மிச்சம். மயிரிழையில் தொழிலில் தப்பினேன் என்ற பொருளில் அவரே ஓரிடத்தில் எழுதுகிறார். அந்த ஒரே ஒரு கோட்பாட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்தவராக இருந்தால்? அவர் எழுதும் கட்டுரை நமக்குக் கிடைத்திருக்காது.

இது எனக்கு ஏன் சுடுகிறது என்றால், நான் ஹாபர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு சர்வீஸ் திணறும். கோயமுத்தூர்ப் பையன் ஒருவன், சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு கிராஃபோடு வந்தான். பக்கத்து சர்வீஸ் காரணமில்லை, சம்பந்தமே இல்லாத பத்துப் பன்னிரண்டு வேலைகள் கொஞ்சம் கொஞ்சமாக டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களை இழுக்கின்றன, எல்லாம் கூடிக் கூடித்தான் இப்படி என்றான். எப்படி என்று கேட்டேன். தெரியவில்லை, ஆனால் நம்பர் பொருந்துகிறது என்றான். ஆர்க்கிடெக்சர் படம் அப்படி இல்லையே, அதெல்லாம் தனித்தனியாகப் பிரித்து வைத்தது என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். அவன் வேறு வேலைக்குப் போன பிறகு, இன்னொருவர் அதையே காரணத்தோடு கண்டுபிடித்தார். எல்லா வேலைகளும் ஒரே கனெக்‌ஷன் பூலைப் பகிர்ந்துகொண்டிருந்தன. நான் அவனுக்குச் சொல்லவில்லை.

பொலானி கட்டுரையைப் படித்த வாரத்தில் அதன் சுட்டியை அவனுக்கு அனுப்பினேன். கீழே, நீ சொன்னது சரி, பூல்தான் என்று மட்டும் எழுதினேன். இரண்டு நாள் பதிலில்லை. பிறகு வந்தது:

"படிச்சேன்ண்ணா. அந்த டிக்கெட்டை என் பேர்ல க்ளோஸ் பண்ணாங்களா?"