அரசாங்கம் வேறு, பாராளுமன்றம் வேறு



தேர்தல் முடிந்ததும் நமது ஊர்ச் சந்தியில் கேட்கும் முதல் கேள்வி, "நம்மட எம்.பி.க்கு அமைச்சுக் கிடைச்சதா?" என்பதுதான். கிடைக்காவிட்டால், "அப்ப அவரால என்ன பிரயோசனம்?" என்பது அடுத்த கேள்வி. அரசாங்கமும் பாராளுமன்றமும் ஒன்றுதான் என்று நாம் நினைப்பதால் வரும் கேள்வி இது. பிரதமரும் அமைச்சரவையும் ஆட்சி செய்கிறார்கள். அவர்களைத் தாங்குவதும், அவர்களிடம் கணக்குக் கேட்பதும், தேவையானால் இறக்குவதும் பாராளுமன்றத்தின் வேலை. நமது நாட்டு வரலாறே இதற்குச் சாட்சி.

1960 மார்ச் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கூடிய ஆசனங்களைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனாநாயக்க பிரதமரானார். அடுத்த மாதமே சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் அவரது அரசாங்கம் தோற்றது. ஜூலையில் மீண்டும் தேர்தல்.

அதில் வென்ற சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கும் அதே சோதனை வந்தது. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசு பொறுப்பேற்கும் சட்டமூலத்தை அவரது அரசாங்கம் கொண்டுவந்தபோது, மூத்த அமைச்சர் சி.பி. டி சில்வா தம்முடன் 13 பேரைக் கூட்டிக்கொண்டு எதிரணிக்குச் சென்றார். 1964 டிசம்பர் 3ஆம் திகதி வாக்கெடுப்பில் எதிரணிக்கு 74, அரசாங்கத்துக்கு 73. ஒரே ஒரு வாக்கு! அரசாங்கம் கவிழ்ந்தது.

ஆனால் 1973இல் அதே லேக் ஹவுஸை அரசு எடுத்துக்கொண்டது. அப்போது சிறிமாவோவிடம் மூன்றில் இரண்டுக்கும் மேற்பட்ட பெரும்பான்மை இருந்தது. தலையாட்டும் சபை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது பாடம்.

2018 நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்ரமசிங்கவை நீக்கி மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக்கினார். சபையில் பெரும்பான்மை சேரவில்லை என்றதும், நவம்பர் 9ஆம் திகதி சபையையே கலைத்தார். உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் சபை மீண்டும் கூடியது. மிளகாய்த்தூள் வீச்சுக்கு நடுவிலும் சபாநாயகர் கரு ஜயசூரிய சபையை நடத்தினார். நவம்பர் 29ஆம் திகதி, பிரதமரின் செயலாளர் அரச நிதியைச் செலவிடுவதற்கு எதிரான பிரேரணை 123 வாக்குகளால் நிறைவேறியது. டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்கள். மூன்றாம் நாள் ரணில் மீண்டும் சத்தியப்பிரமாணம் செய்தார்.

அந்த 123 பேரும் அன்று நாட்டுக்குச் செய்த வேலைக்கு அமைச்சுப் பதவி தேவைப்படவில்லை. ஆசனமும் வாக்கும் போதுமாக இருந்தன.

வீதி, வேலைவாய்ப்பு, இடமாற்றம் எல்லாம் நமக்குத் தேவைதான். ஆனால் அவற்றுக்காக மட்டும் எம்.பி.யை அனுப்பினால், அவர் எப்போதும் ஆளும் தரப்பின் வாசலிலேயே நிற்பார்; நமக்குப் பாதகமான சட்டம் வரும் நாளில் அவரால் கையைத் தூக்காமல் இருக்க முடியாது. அதற்காக அவரைக் குறை சொல்லும் முன், அவரை எதற்காக அனுப்பினோம் என்று நம்மையே கேட்க வேண்டும்.

அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது, "என்ன கொண்டு வந்தீங்க?" என்பதோடு, "எந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களிச்சீங்க?" என்றும் கேட்போம். பதில் ஹன்சார்ட்டிலும் இருக்கும்.