நீட்டிப்புப் பதிப்பும் பத்துக் குற்றமும்: ‘பேட்மேன் வி சூப்பர்மேன்’ படத்தை முன்வைத்து

ஸாக் ஸ்னைடர் இயக்கிய ‘பேட்மேன் வி சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ்’ 2016 மார்ச் மாதம் 151 நிமிடப் படமாகத் திரைக்கு வந்தது. உலகெங்கும் 87 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. விமர்சகர்களில் பெரும்பாலோர் கதை குழம்பிக் கிடக்கிறது என்றார்கள். மூன்று மாதம் கழித்து 182 நிமிடம் ஓடும் ‘அல்டிமேட் எடிஷன்’ வெளியானது. அன்று பிரிந்த இரண்டு கட்சிகள் இன்றும் சேரவில்லை. நல்ல படத்தைக் கத்தரி கெடுத்தது, முழுப் பதிப்பே அதற்குச் சாட்சி என்பது ஒரு கட்சி. இரண்டரை மணி நேரத்தில் சொல்லத் தெரியாதவர் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டால் மட்டும் என்ன சொல்லிவிடுவார் என்பது மற்றது. இரண்டுமே நிமிடக் கணக்கில் நின்றுவிடுகின்றன. படத்தில் இருந்த குற்றம் எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்ட பிறகே கூடுதல் நிமிடங்கள் அதைத் தீர்த்தனவா என்று கேட்க முடியும்.

குற்றங்களை வகை பிரிக்க நம்மிடம் ஒரு பழைய கருவி இருக்கிறது. நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் வகுக்கிறது. தொல்காப்பிய மரபியலும் இவற்றுள் சிலவற்றைச் சொல்லியிருக்கிறது. இலக்கண ஆசிரியர் கட்டிய சட்டகத்தை முதுகில் போர்வை பறக்கும் நாயகர்களுக்கு மாட்டிப் பார்ப்பது வம்பு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அந்தப் பட்டியல் குற்றத்தின் அளவைப் பேசாமல் தன்மையைப் பேசுகிறது. குன்றக் கூறலும் மாறுகொளக் கூறலும் அங்கே வேறு வேறு நோய்கள். வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால் வந்த குறை, சேர்த்தால் தீரும். முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னதால் வந்த குறை, சேர்க்கச் சேர்க்க வளரவும் கூடும்.

முதலில் குன்றக் கூறல். படத்தின் தொடக்கத்தில் நைரோமி என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டில் பத்திரிகையாளர் லோயிஸ் லேன் ஒரு கிளர்ச்சித் தளபதியைப் பேட்டி எடுக்கப் போகிறாள். உடன் போன புகைப்படக்காரர் அமெரிக்க உளவாளி என்று தெரிந்து கொல்லப்படுகிறார். தளபதியோடு இருந்த கூலிப்படையினர் திடீரென்று தளபதியின் ஆட்களையே சுட்டுத் தள்ளிவிட்டு வண்டியேறிப் போகிறார்கள். சூப்பர்மேன் வந்து லோயிஸை மீட்கிறான். அடுத்து வாஷிங்டனில் விசாரணை: அந்தக் கிராமத்துச் சாவுகளுக்குச் சூப்பர்மேனே காரணம் என்று ஒரு பெண் சாட்சி சொல்கிறாள். திரையரங்கில் உட்கார்ந்திருந்தவனுக்கு இது எப்படி விளங்கும்? செத்தவர்கள் உடம்பில் இருப்பது துப்பாக்கிக் குண்டு. வானத்தில் பறப்பவன் துப்பாக்கி எடுத்துச் சுட்டான் என்று எந்த நாடாளுமன்றக் குழு நம்பும்?

நீட்டிப்புப் பதிப்பில் இதற்கான விடை ஒரு சின்னஞ்சிறு துண்டாக வருகிறது. கூலிப்படையினர் பிணங்களைத் தீயுமிழ் கருவியால் கருக்குகிறார்கள். சூப்பர்மேனின் கண்ணிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர் எரித்ததுபோல் அடையாளத்தை மாற்றுவதுதான் நோக்கம். சாட்சி சொன்ன கஹினா ஸிரி மிரட்டலுக்குப் பணிந்து பொய் சொன்னவள் என்பதும், உண்மையை விசாரணையை நடத்தும் செனட்டர் ஃபின்ச்சிடம் ஒப்புக்கொண்ட பிறகு ரயில் முன் தள்ளிக் கொல்லப்படுகிறாள் என்பதும் இந்தப் பதிப்பில்தான் தெரிகின்றன. படத்தின் முதல் ஒரு மணி நேரத்தைத் தாங்கும் குற்றச்சாட்டுக்கே அடித்தளம் இந்தத் துண்டுகள். திரையரங்குக்காக வெட்டியபோது சண்டைக் காட்சியில் கை வைக்காமல் காரணத்தில் கை வைத்திருக்கிறார்கள். படத்தொகுப்பு மேசையில் இந்தத் தேர்வு எப்படி நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை: கதையை மாதக்கணக்கில் பார்த்துப் பழகியவர்களுக்குக் காரணம் மனப்பாடமாகிவிடும், அது திரையில் இல்லாததே கண்ணில் படாது.

இதைவிட நுட்பமான ஓர் இடமும் இருக்கிறது. வாலஸ் கீஃப் என்ற கால் இழந்த மனிதனின் சக்கர நாற்காலியில் ஒளித்திருந்த குண்டு செனட் விசாரணை மன்றத்தில் வெடிக்கிறது. தீயின் நடுவே சூப்பர்மேன் மட்டும் கலையாமல் நிற்கிறான். பிறகு லோயிஸிடம், தான் பார்க்காததால்தான் அது தன் கண்ணில் படவில்லையோ என்று அஞ்சுவதாகச் சொல்கிறான். திரையரங்குப் பதிப்பில் இது ஏறக்குறைய ஒப்புதல் வாக்குமூலம். சுவரை ஊடுருவிப் பார்க்கும் கண் கொண்டவன் அசட்டையாக இருந்துவிட்டான் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. நீட்டிப்புப் பதிப்பில் அந்த நாற்காலிக்குள் ஈயத் தகடு பொருத்தப்பட்டிருந்ததை லோயிஸ் கண்டுபிடிக்கிறாள். ஈயத்தை அவன் பார்வை ஊடுருவாது என்பது சித்திரக்கதை வாசகருக்கெல்லாம் தெரிந்த பழைய விதி. ஆக, அதே வசனம், அதே ஷாட், ஆனால் இப்போது அது தவறு செய்யாதவன் தன்மேல் போட்டுக்கொள்ளும் பழி. வெடிப்புக்குப் பின் அவன் காயம்பட்டவர்களை வெளியே தூக்கி வரும் காட்சியும் இங்கே திரும்பி வந்திருக்கிறது. முந்தைய பதிப்பில் சோகமாக நின்றுவிட்டு மறைந்துபோனவன் இவன்தானா என்று கேட்கத் தோன்றும். கோதம் நகரத்துக்குப் போய், பேட்மேன் குற்றவாளிகளுக்குச் சூடு போடுவதைப் பற்றிச் சூப்பர்மேன் கிளார்க் கென்ட் என்ற நிருபராக விசாரிக்கும் பகுதிகளும் அப்படியே. அவை இல்லாதபோது பேட்மேன்மீது அவனுக்கு ஏன் அத்தனை கோபம் என்பது அரைகுறையாகவே தெரிந்தது. வெட்டு இருவரையும் சமமாகத் தொடவில்லை. தலைப்பில் இரண்டு பெயர் இருந்தாலும் கத்தரி சூப்பர்மேன் பக்கமே அதிகம் விழுந்திருக்கிறது.

இந்த அளவில் முதல் கட்சி வென்றுவிட்டதாகவே தோன்றும். ஆனால் குன்றக் கூறல் தீர்ந்த இடத்தில் வேறொரு குற்றம் வெளியே தெரிகிறது. நன்னூல் பட்டியலில் கடைசியாக வரும் நின்று பயனின்மை அது. லோயிஸ் அத்தனை பாடுபட்டுக் கண்டுபிடிக்கும் உண்மை என்ன ஆகிறது? ஈயத் தகடு விஷயம் படத்தில் எவருடைய முடிவையும் மாற்றவில்லை. பேட்மேன் அதை அறியாமலே சூப்பர்மேனைக் கொல்ல ஈட்டி செய்கிறான். சூப்பர்மேன் கடத்தப்பட்ட தாயைக் காப்பாற்றவே கோதமுக்கு வருகிறான். லோயிஸ் எதையும் கண்டுபிடிக்காமல் வீட்டில் இருந்திருந்தாலும் அந்தச் சண்டை அதே இடத்தில் அதே விதமாக நடந்திருக்கும். புலனாய்வு பார்வையாளருக்குத் தெளிவைத் தருகிறது, நாடகத்துக்கு எதையும் தருவதில்லை. அதோடு லோயிஸ் சில நாளில் துருவி எடுப்பதைத் துப்பறிவாளன் என்று பெயர் பெற்ற பேட்மேனாகிய புரூஸ் வெய்ன் மோப்பம்கூடப் பிடிக்கவில்லை என்பது முன்னைவிட இப்போது உறுத்துகிறது. குழப்பத்தோடு பார்த்தபோது புரூஸும் நம்மைப்போல் குழம்பியிருக்கிறான் என்று விட்டுவிட முடிந்தது.

மற்றக் குற்றங்கள் அசையவே இல்லை. பெரிய மோதலுக்குக் கதை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேளையில் படத்தின் இன்னொரு நாயகியான டயானா கணினியைத் திறந்து, அடுத்த படங்களில் வரப்போகும் மூன்று நாயகர்களின் காணொளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள்: மற்றொன்று விரித்தலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கொல்ல ஓங்கிய பேட்மேனின் கை, இருவரின் தாயாருக்கும் பொதுவான ‘மார்த்தா’ என்ற பெயரைக் கேட்டு இறங்கும் இடம் கருத்தளவில் சரியானது, எதிரிக்கும் ஒரு தாய் உண்டு என்று உணர்வது. ஆனால் அதைத் தாங்குவதற்கான தயாரிப்பு இரண்டரை மணிப் பதிப்பிலும் இல்லை, மூன்று மணிப் பதிப்பிலும் இல்லை. டூம்ஸ்டே என்ற அசுரன் வந்தபின் இரு நாயகர்களின் அறப்பூசல் சென்று தேய்ந்திறுகிறது. அந்தப் பகுதியில் புதிய பதிப்பு கூட்டியது பெரும்பாலும் ரத்தத்தைத்தான்.

சேர்த்த காட்சி கதாபாத்திரத்தின் முடிவைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பதின்மூன்று ஆண்டு முந்தைய ஒரு படத்தைப் பார்க்கலாம். நாயகன், பேட்மேனாக நடித்த அதே பென் அஃப்லெக். மார்க் ஸ்டீவன் ஜான்சன் இயக்கிய ‘டேர்டெவில்’ 2003இல் 103 நிமிடமாக வந்து பரிகாசத்துக்கு ஆளானது. மறு ஆண்டு இயக்குநர் பதிப்பு 133 நிமிடம். பார்வையற்ற நாயகன் மேட் மர்டாக் காதலி எலெக்ட்ராவோடு மழையில் நிற்கும்போது தொலைவில் யாரோ ஆபத்தில் இருப்பது அவன் காதில் விழுகிறது. திரையரங்குப் பதிப்பில் எலெக்ட்ரா இருக்கச் சொல்ல, அவன் இருந்துவிடுகிறான், காதல் காட்சி தொடர்கிறது. இயக்குநர் பதிப்பில் அந்தக் காதல் காட்சி கிடையாது. அவன் போகிறான்.

இங்கே ஒரு காட்சி கழிந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கழித்ததும் கூட்டியதும் சேர்ந்து வேறொரு மனிதனை உண்டாக்குகின்றன. கொலைப் பழி சுமந்த ஒருவனுக்காக மேட்டும் அவன் கூட்டாளியும் வழக்காடும் கிளைக்கதையும் திரும்பி வருவதால், நாயகன் வழக்கறிஞன் என்பது வெறும் அடையாள அட்டையாக இல்லாமல் அவன் செய்யும் வேலையாகிறது; வழக்கின் நூல் பிடித்து வில்லன்வரை போகவும் முடிகிறது. விளையாட்டுத் திடலில் இருவரும் மோதிக்கொள்ளும் அசட்டுக் காட்சி இதிலும் அப்படியே இருக்கிறது, போகட்டும். என் கணிப்பில் ‘அல்டிமேட் எடிஷன்’ படத்தைப் புரியவைத்தது, ‘டேர்டெவில்’ இயக்குநர் பதிப்பு படத்தை மாற்றியது. இரண்டுக்கும் கூடிய நேரம் ஏறக்குறைய அதே அரை மணிதான்.

ஒப்பிடும் முறையில் ஒரு சிக்கல் உண்டு. நீண்ட பதிப்பைப் பாராட்டுபவர்களில் பலர் குறுகிய பதிப்பை முன்பே பார்த்தவர்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது எந்தப் படமும் தெளிவாகத்தான் தெரியும். அந்தத் தெளிவில் எவ்வளவு புதிய காட்சிகளால் வந்தது, எவ்வளவு பழக்கத்தால் வந்தது என்று பார்த்தவரின் உணர்விலிருந்து பிரித்தெடுக்க இயலாது. அதனால்தான் இக்கட்டுரை ரசிகரின் அனுபவத்தை விட்டுவிட்டுக் காட்சிகளுக்கிடையே உள்ள காரண காரியத் தொடர்பைச் சான்றாகக் கொள்கிறது.

நீட்டிப்பு எப்போதும் இயக்குநரின் இழந்த கனவு என்ற நம்பிக்கையையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். ரிச்சர்ட் டோனரின் ‘சூப்பர்மேன்’ 1978இல் 143 நிமிடமாக வெளிவந்த வெற்றிப் படம். 1982இல் ஏபிசி தொலைக்காட்சி அதை இரண்டு இரவாக ஒளிபரப்பியபோது மூன்று மணி நேர அளவுக்கு நீட்டியவர்கள் தயாரிப்பாளர்கள். நீளம் கூடினால் ஒளிபரப்பு வருமானமும் கூடும் என்பது அதன் பின்னணி. எதிர்த்திசையில் ‘ஜஸ்டிஸ் லீக்’: 2017இல் இரண்டு மணி நேரமாக வந்தது, 2021இல் நான்கு மணி நேர ஸ்னைடர் பதிப்பானது. முதலாவதில் ஸ்னைடருக்குப் பின் பொறுப்பேற்ற ஜாஸ் வீடன் எடுத்த காட்சிகள் பின்னதில் இல்லை, இசையமைப்பாளர்கூட வேறு. அதை நீட்டிப்பு என்று இந்த வரிசையில் சேர்ப்பது வகைப்பிழை. ஒரே படப்பிடிப்பிலிருந்து பிறந்த இரண்டாம் படம் அது.

நீளத்தையும் மேன்மையையும் பிணைக்கும் வாதத்துக்குக் கடைசிச் சோதனை ‘சூப்பர்மேன் II’. டோனர் பெரும்பகுதியை எடுத்து முடித்திருந்த நிலையில் நீக்கப்பட, ரிச்சர்ட் லெஸ்டர் முடித்த படம் 127 நிமிடம். பழைய படச்சுருள்களைத் தேடி 2006இல் தொகுத்த டோனர் பதிப்பு 116 நிமிடம், மூலத்தைவிடக் குறைவு. சம்பளப் பிணக்கால் விலக்கப்பட்டிருந்த மார்லன் பிராண்டோ தந்தை ஜோர்-எல்லாக இதில் திரும்ப வருகிறார். மகன் தன் ஆற்றலை இழந்து மீண்டும் பெறுவது அதனால் தந்தையின் பலியாகப் பொருள் பெறுகிறது. இது கூட்டிய காட்சியின் வெற்றியே. முடிவில்தான் சிக்கல். உலகைச் சுழற்றிக் காலத்தைப் பின்னோக்கித் திருப்புவது முதலில் இரண்டாம் படத்துக்கென்று திட்டமிடப்பட்டு, பிறகு முதல் படத்தின் உச்சக்காட்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. மீட்டெடுத்தவர்கள் மூலத் திட்டத்துக்கு விசுவாசமாக அதையே மறுபடியும் வைத்தார்கள்: கூறியது கூறல். அது போதாதென்று மாறுகொளக் கூறலும் சேர்ந்துகொண்டது. ஆற்றல் இல்லாத நாளில் தன்னை அடித்துப் போட்ட முரடனைத் தேடிக் கிளார்க் அதே உணவகத்துக்குப் போய்ப் பழிதீர்க்கும் காட்சியை அப்படியே விட்டுவிட்டார்கள். காலமே திரும்பிவிட்ட பிறகு அந்த முரடன் யாரையும் அடித்திருக்கவில்லை. எதற்கு உதை வாங்குகிறோம் என்று அவனுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.