தடயமும் சிகிச்சையும்: பாலியல் வன்முறைக்குப் பிந்தைய ஆதரவின் இந்திய வரலாறு

இந்தியாவில் பாலியல் வன்முறையின் வரலாறு பெரும்பாலும் தண்டனைச் சட்டத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. வழக்கு, தீர்ப்பு, போராட்டம், சட்டத் திருத்தம் என்னும் வரிசையில் அது நகர்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் என்ன ஆனார் என்பதற்கு அந்த வரிசையில் விடை உண்டு. பாதிக்கப்பட்டவர் மறுநாள் எங்கே சென்றார், அவருடைய காயத்துக்கு யார் மருந்திட்டனர், அவர் யாரிடம் பேசினார் என்பவற்றுக்கு விடை கிடைப்பது அரிது. ஆதரவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது மிகவும் பிந்தித் தொடங்கியது.

பிந்தியதற்கான காரணங்களுள் ஒன்று சொற்களிலேயே இருக்கிறது. தமிழ் நாளிதழ்கள் நெடுங்காலம் ‘கற்பழிப்பு’ என்றே எழுதின. இந்தியில் ‘இஜ்ஜத் லூட்னா’, அதாவது மானத்தைக் கொள்ளையிடுதல், என்னும் வழக்கு இருந்தது. இரண்டு வழக்குகளும் நிகழ்ந்ததை ஓர் இழப்பாகவே காட்டுகின்றன. அழிந்த கற்பும் கொள்ளைபோன மானமும் திரும்பி வருவதில்லை. ஆகவே அவற்றை நம்பும் சமூகத்தில் ‘குணமடைதல்’ என்னும் எண்ணத்துக்கே இடமில்லை. ‘பாலியல் வன்முறை’, ‘வல்லுறவு’ என்னும் சொற்கள் செயலைச் செய்தவர் பக்கம் நகர்த்தின. பாதிக்கப்பட்டவர் பக்கம் எஞ்சுவது காயம். காயத்துக்குச் சிகிச்சை உண்டு.

மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் 1972 மார்ச்சில் நிகழ்ந்த கொடுமை, ‘மதுரா வழக்கு’ என்னும் பெயரால் அறியப்படுகிறது. பாதிக்கப்பட்டவர் பதின்பருவத்துப் பழங்குடிப் பெண். 1974இல் அமர்வு நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. உடலில் காயத் தடம் இல்லை, கூக்குரல் எழுப்பப்படவில்லை என்பவை அத்தீர்ப்பின் முக்கியக் காரணங்கள். மருத்துவர் கண்ட உடல் அங்கே சான்றாக மட்டுமே வாசிக்கப்பட்டது.

அதே 1972இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் வேறொரு வாசிப்பு தொடங்கியது. செவிலியர் ஆன் பர்ஜெஸ், சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் ஆகிய இருவரும் அவசரப் பிரிவுக்கு வந்த பெண்களை நேரில் கண்டு பேசினர். 92 பெண்களைப் பற்றிய அவர்களுடைய ஆய்வு 1974இல் வெளியானது. சிலர் அழுதனர், நடுங்கினர். அவர்களைவிடக் குறையாத எண்ணிக்கையில் மற்றவர்கள் உணர்ச்சியை உள்ளடக்கி அமைதியாகத் தோன்றினர். அமைதி சம்மதத்தின் அடையாளமன்று, அதிர்ச்சியின் ஒரு வடிவம் என்பது அதனால் தெளிவாயிற்று. 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இந்த அறிவின் சாயலே இல்லை.

உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகிய நான்கு சட்ட அறிஞர்கள் 1979 செப்டம்பரில் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல், நாடு தழுவிய இயக்கத்துக்கு வித்திட்டது. 1980இல் பம்பாயில் வல்லுறவுக்கு எதிரான மன்றம் உருவானது. 1981இல் டெல்லியில் ‘சஹேலி’ தொடங்கப்பட்டது. அப்பெயருக்குத் தோழி என்று பொருள். இயக்கத்தின் விளைவான 1983ஆம் ஆண்டுத் திருத்தம், காவலில் நிகழும் வல்லுறவில் பெண் சம்மதிக்கவில்லை என்று கூறினால் நீதிமன்றம் அதையே அனுமானிக்க வேண்டும் என்றது. மூடிய அறையில் விசாரணை நடத்தவும், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடாதிருக்கவும் வகை செய்தது. சிகிச்சை பற்றி அதில் எதுவும் இல்லை.

அந்த வெற்றிடத்தின் விலையை ராஜஸ்தானின் படேரி கிராமத்துப் பன்வாரி தேவி 1992இல் கொடுத்தார். அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் அவர் ‘சாத்தின்’, அதாவது துணைவியாகப் பணியாற்றினார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகத் தாக்கப்பட்ட அவரை ஆரம்பச் சுகாதார நிலையம் பரிசோதிக்காமல் ஜெய்ப்பூருக்கு அனுப்பியது. உரிய பரிசோதனை நடப்பதற்குள் ஏறத்தாழ இரண்டு நாள் கடந்துவிட்டது. காவல் நிலையத்தில் அவருடைய பாவாடை தடயமாகப் பெறப்பட்டது. கணவரின் தலைப்பாகைத் துணியை உடுத்திக்கொண்டே அவர் வெளியேறினார். ஊரார் ஒதுக்கிவைத்தனர். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வல்லுறவுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மகளிர் அமைப்புகள் அவருக்குத் துணை நின்றன. அவர்களது மனுவில்தான் 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பு பிறந்தது. பணியிடத்துப் பெண்கள் அனைவருக்கும் அத்தீர்ப்பு பாதுகாப்பு அளித்தது.

நீதிமன்றம் ஆதரவைப் பற்றியே பேசிய தருணமும் இப்பத்தாண்டில் வந்தது. வீட்டுப் பணியாளர் பெண்கள் தொடர்பான வழக்கொன்றில் 1994இல் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவருக்குக் காவல் நிலையத்திலேயே வழக்கறிஞர் உதவி வேண்டும், மனநல ஆலோசனையோ மருத்துவ உதவியோ எங்கே கிடைக்கும் என்று அந்த வழக்கறிஞர் வழிகாட்ட வேண்டும், இழப்பீடு வழங்க வாரியம் வேண்டும் என்றது. அவற்றுள் பெரும்பகுதி நெடுங்காலம் ஏட்டளவிலேயே நின்றது.

நடைமுறை மாற்றம் மருத்துவமனையிலிருந்து வந்தது. 2000இல் மும்பை மாநகராட்சியும் ‘சேஹத்’ ஆய்வு நிறுவனமும் இணைந்து பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் ‘திலாசா’ மையத்தைத் தொடங்கின. அப்பெயருக்கு ஆறுதல் என்று பொருள். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகத் தொடங்கிய இம்மையத்தின் அடிப்படைக் கருத்து எளிது: காவல் நிலையத்துக்குச் செல்லாத பெண்ணும் மருத்துவமனைக்கு வருவாள். 2008 முதல் அந்நிறுவனம் மும்பை மருத்துவமனைகளில் பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கான பராமரிப்பையும் வகுத்தது.

டெல்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை அளித்தது. அவ்வாண்டுத் திருத்தம், அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் பாதிக்கப்பட்டவருக்கு உடனடியாக, கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று விதித்தது. மறுத்தால் ஓராண்டு வரை சிறை. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகள் கருத்தடை, தொற்றுத் தடுப்பு, உளவியல் முதலுதவி, தொடர் கண்காணிப்பு ஆகியவற்றைச் சிகிச்சையின் பகுதிகளாக்கின. ‘இருவிரல் பரிசோதனை’யை விலக்கின. ஆயினும் அப்பரிசோதனை தொடர்ந்தமையால், 2022இல் உச்ச நீதிமன்றம் அதைச் செய்பவர் நன்னடத்தை தவறியவராவர் என்று கூற நேர்ந்தது. 2015இல் தொடங்கிய ஒருங்கிணைந்த சேவை மையங்கள் ‘சகி’ எனப் பெயர் பெற்றன. அதற்கும் தோழி என்றே பொருள்.

எனினும் ஒரு முரண் தீரவில்லை. சிகிச்சையைக் கடமையாக்கிய அதே சட்டப்பிரிவு, காவல்துறைக்கு உடனே தகவல் தருவதையும் கடமையாக்கியது. வழக்கை விரும்பாத பெண், அத்தகவலுக்கு அஞ்சிச் சிகிச்சையையே தவிர்க்கக்கூடும். 2014 நெறிமுறைகள் இதற்கு ஒரு வழி கண்டன: சிகிச்சை, தடயச் சேகரிப்பு, காவல்துறைக்கான தகவல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சம்மதம் கேட்க வேண்டும்; அவர் வழக்கை மறுத்தால் அம்மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும்; மறுப்பைக் காரணமாக்கிச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. 18 வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தகவல் தருவதைக் கட்டாயமாக்கியிருப்பதால் இந்த இடமும் சுருங்குகிறது.

இந்தச் சம்மதம் வெறும் படிவமன்று. ஜூடித் ஹெர்மன் என்னும் மனநல மருத்துவர் 1992இல் வெளியிட்ட நூலில், மீட்சியின் முதல் விதி பாதிக்கப்பட்டவருக்கு அதிகாரம் திரும்புவதே என்று நிறுவினார். வன்முறை பறித்தது முடிவெடுக்கும் உரிமையை; அதை அவர் சார்பில் பிறர் எடுத்துக்கொள்ளும் உதவி, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், அப்பறிப்பையே நீட்டிக்கிறது. ஆகவே, தொடுவதற்கு முன் கேட்பது, மறுப்பை ஏற்பது, அடுத்த வருகைக்கு வழி திறந்து வைப்பது ஆகியவை சிகிச்சைக்கு முந்தைய சடங்குகள் அல்ல, சிகிச்சையே அவைதாம்.

தடயத்துக்குக் காலக்கெடு உண்டு. மணிக்கணக்கில் அது அழியும். மீட்சிக்கு அத்தகைய கெடு இல்லை. சில வாரங்கள் கழித்தோ, சில ஆண்டுகள் கழித்தோ ஒருவர் பேசத் தொடங்கலாம்; அப்போது மருத்துவரிடம் சேகரிக்கத் தடயம் ஏதும் இராது, கேட்கச் செவி மட்டுமே இருக்கும். இந்திய மருத்துவக் கல்வியும் பல்கலைக்கழக வளாகங்களும் அவ்வாறு பிந்தி வருபவருக்காக எந்த அளவு ஆயத்தமாயிருக்கின்றன என்பதே இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயத்தைத் தீர்மானிக்கும்.