சிறுகுறிஞ்சான் யாருடைய சொத்து?

சின்ன காஞ்சிபுரத்து நாட்டு மருந்துக் கடையில் சர்க்கரை நோய்க்கென்று கேட்டு வாங்கும் சிறுகுறிஞ்சான் பொடிக்குப் பின்னால் ஒரு அரசியல் உண்டு.

சிறுகுறிஞ்சான், நாவல், பாகல், கத்திரி ஆகியவற்றில் இரண்டோ அதற்கு மேலோ கலந்த மருந்துக்கு 1999இல் ஒரு அமெரிக்க நிறுவனம் காப்புரிமை பெற்றது. 'நம் மரபு அறிவு திருடப்பட்டது' என்று இங்கே குரல் எழுந்தது. அந்த 'நம்'மில் யாரெல்லாம் இருந்தார்கள்?

பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துத் தண்டரையில் இருளர் பெண்கள் 1986 முதல் சங்கமாகச் சேர்ந்து மூலிகை வளர்க்கிறார்கள், மருந்து செய்கிறார்கள். இப்படிப்பட்ட சமூகங்களுக்கும் லாபத்தில் பங்கு உண்டு என்றது 2002 பல்லுயிர்ச் சட்டம். 2023 திருத்தமோ, ஏட்டில் பதிவான மரபு அறிவைப் பயன்படுத்துவோர் பங்கு தர வேண்டாம் என்று விலக்கு அளித்துவிட்டது.

எழுத்து மறுக்கப்பட்டவர்களின் அறிவு, எழுத்தில் ஏறியதும் அவர்களுடையது இல்லையாம். தோழர்களே, திருட்டு அமெரிக்காவில் மட்டும் நடக்கவில்லை.